ஐந்து படிக்கு ஒரு பலகை

ஆம்பூர் வள்ளியம்மாளை யாரும் தூக்கக் கூடாது. தூக்க வந்தவன் கையைக் கடித்து வைத்ததும் உண்டு. இதற்கெல்லாம் காரணம் அவளுடைய தாய்மாமன் சுந்தரமூர்த்திதான்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிப் போயின. ஏழு வயதில் மாமன் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நாட்றம்பள்ளிச் சந்தைக்குப் போனார். பிள்ளையைப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டு மாட்டு பேரத்தில் உட்கார்ந்தார். பேரம் படிந்தது. ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு, வழியெல்லாம் பாடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். "பொண்ணு எங்கடா?" என்று அக்காள் கேட்ட பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்தவருக்கு மருமகள் ஞாபகம் வரவில்லை. அவர் திரும்ப ஓடிவருவதற்குள் சந்தை கலைந்து, பொழுதும் சாய்ந்து, பிள்ளை மரத்தடியில் தனியாகக் கிடந்தாள். இனி யாரும் தூக்க வேண்டாம் என்று அன்று பிடித்த பிடிவாதம் அது. போகிற இடத்துக்குத் தவழ்ந்தே போவாள்.

வயது வந்ததும் அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் ஷாப்பில், தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை இடிக்கச் சேர்ந்தாள். ரோட்டுக் கல் முழங்காலைக் கிழித்தது. கழிவுத் தோலை எடுத்து முழங்காலுக்கும் உள்ளங்கைக்கும் உறை தைத்துக்கொண்டாள். முதல் ஜோடி சரியாகப் பதனிடாத தோல். அந்த மாதம் முழுக்க அவள் வேலைக்கு வந்தால் பின்னால் ஆறு நாய் வரும். சாமி ஊர்வலம் தோற்றது. தோல் ஊறுகிற குழியில் வேலை செய்யும் ஆபித் பாஷாதான், "அக்கா, நாய்ங்க உன்ன விடாதுபோல. தோல இப்டிக் குடு" என்று வாங்கி, பட்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கொடுத்தான். நாய்கள் நின்றுவிட்டன. மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள்.

உறையைப் பார்த்த ஒரு முடவன் தனக்கும் கேட்டான். அவன் சொல்லிக் கலவை ஊரிலிருந்து இரண்டு பேர், அவர்கள் சொல்லி இன்னும் நாலு பேர். ஒரு நாள் சாயபுவுக்கு ஷாப் வாசலில் வண்டியை விட்டு இறங்க வழியில்லை.

"இன்னா வள்ளியம்மா, நான் ஷாப்பு வச்சிருக்கேனா, சத்திரம் வச்சிருக்கேனா?"

"தோல் இருக்கிற எடத்துக்குத்தானே சாயபே வருவாங்க. பூக்கடைக்கா போவாங்க?"

"பெரிய பேஜாரா போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர், மறுநாள் ஒரு கொட்டகை போட ஆள் அனுப்பினார். அங்கே உறை தைத்தார்கள், கஞ்சி காய்ச்சினார்கள். கண் தெரியாதவர்கள் வந்து கயிறு திரித்தார்கள். காது கேளாத ஒருத்தி வந்து எல்லாரையும் அதட்டினாள். பதினைந்து வருஷத்தில் நாற்பது பேர் ஆனார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் அதற்குச் சங்கம் என்று பேர் வைத்து கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் எல்லாருக்கும் கால் நன்றாக இருந்தது.

அதனால்தான் சங்கத்து ஆட்கள் தங்க 1928இல் கமிட்டி கட்டிய விடுதி அப்படி அமைந்தது. திறப்பு விழாவன்று காலையில் வள்ளியம்மாள் தவழ்ந்து வந்து வாசலைப் பார்த்தாள். ஐந்து படி. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் உயரம். சாயபுவே மூச்சு வாங்கித்தான் ஏறுவார்.

"நொண்டிங்க ஊட்டுக்குப் படி வச்சது யாரு சாயபே?"

சாயபு தாடியைத் தடவினார். "பெரிய கட்டடம்னா படி வேணும்ல. எதிர்த்தெரு பாய் ஊட்டுக்கு நாலு படி. அதான் ஒண்ணு ஜாஸ்தியா வச்சோம். நீ ஏன் கவலப்படறே, தூக்கினு போக ஆள் நிக்குது."

"தூக்க வேணாம். நான் இங்கியே இருக்கேன். நீங்க போய்த் திறந்துக்குங்க."

அவள் உட்கார்ந்தாள். சொல்லி வைத்ததுபோல நாற்பது பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே மாலையும் கையுமாகக் கமிட்டி மட்டும் நின்றது. திறந்துவைக்க வேலூரிலிருந்து வெள்ளைக்காரத் துரைசாணியின் மோட்டார் வந்துவிடும். வள்ளியம்மாள் இல்லாமல் விடுதியைத் திறந்தால் ஊர் சிரிக்கும். தூக்கினால் அவள் கடிப்பாள். சாயபுவுக்கு வேர்த்துக் கொட்டியது.

ஆபித் பாஷாதான் ஷாப்புக்கு ஓடினான். குழியிலிருந்து ஈரத்தோலை இழுத்தேற்றுகிற நீளப் பலகைகள் இரண்டைச் சேர்த்து ஆட்களோடு தூக்கிவந்து படிமேல் சாய்த்தான்.

"மாட்டுத் தோல் ஏறுது. நீ ஏற மாட்டியா அக்கா?"

"அது செத்தப்புறம்தானேடா ஏறுது" என்று சொல்லிக்கொண்டே வள்ளியம்மாள் பலகையில் கை வைத்தாள். உறை வழுக்காமல் பிடித்துக்கொண்டது. வாசற்படியைத் தாண்டிப் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஏறி முடிக்கும்வரை துரைசாணி மூக்கில் கைக்குட்டையோடு வெயிலில் காத்திருந்தாள்.

அப்புறம் பலகையை எடுத்துவிட்டுக் கல்லிலேயே சரிவு கட்டினார் சாயபு. கொஞ்ச நாளில் அவரும் அதில்தான் ஏறினார், முழங்கால் வலி என்று.

மூன்று வருஷம் கழித்து ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே சுந்தரமூர்த்தி. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் போய், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மருமகளைத் தேடி வந்திருந்தார். வண்டிக்காரன் அவரைத் தூக்கப் போனான்.

"தூக்காதப்பா. கோலக் குடுத்து எறக்கி வுடு" என்றாள் வள்ளியம்மாள் மேலேயிருந்து.

சரிவின் அடியில் நின்று பெரியவர் மேலே பார்த்தார். வாய் கோணியிருந்ததால் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"மெதுவா ஏறு மாமா. நான் இங்கதான் இருப்பேன். மாடு வாங்கப் போவ மாட்டேன்."