மில்லை நிறுத்திய ஹமீது பாய்

எடைச் சீட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்ட லாரி டிரைவர், "உங்க பழைய மேனேஜர் பாய் காலையில தவறிட்டாருங்க" என்றார். அடுத்த வண்டியை நிற்கச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திருப்பனந்தாள் பக்கத்து அரிசி மில்லில் ஹமீது பாயோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்லித் தீர வேண்டியிருக்கிறது. குவைத்தில் எண்ணெய்க் கம்பெனியில் இருந்துவிட்டுத் தொண்ணூறுகளில் ஊர் திரும்பியவர். இரண்டு மூட்டையைச் சேர்த்துச் சுமப்பதுதான் அப்போது நம் ஆட்களுக்குப் பெருமை. மில்லுக்கு மேனேஜராக வந்ததும் "ஒரு நடைக்கு ஒரு மூட்டை" என்று சட்டம் போட்டார். வேலை படுத்துவிடும் என்று முதலாளி முனகினார். "ஆள் படுத்தாத்தாங்க வேலை படுக்கும்" என்றார் பாய். அந்தச் சம்பா பருவத்தில் யாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடக்கவில்லை. லாரிகளும் முன்னைவிடச் சீக்கிரமே கிளம்பின.

நெல்லை மேலே ஏற்றும் பெல்ட்டின் அடியில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் நேரமாகும் என்று, ஓடும்போதே கையை விட்டு அள்ளுவோம். அப்படி அள்ளத் தெரிந்தவனே கெட்டிக்காரன். மாணிக்கம் அதில் பேர்போனவர். ஒருநாள் அவர் குனிந்ததைப் பார்த்த பாய் மெயினை அணைத்து, ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப அள்ளுங்க மாணிக்கம்" என்றார்.

வாசலில் லாரிகள் வரிசை. முதலாளி ஓடி வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? இப்பவே போடுங்க. இல்லேன்னா இன்னியோட கெளம்புங்க."

பாய்க்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். குவைத்துக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. நிதானமாகச் சொன்னார்: "சரிங்க, கெளம்பறேன். மாணிக்கம் கை வெளிய வரட்டும்."

அடைப்பு எடுத்து முடிந்தது. பாய் ஃப்யூஸை மாட்டினார், மில்லை ஓட்டினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இன்றும் அந்தப் பிரமிப்பு தீரவில்லை.

மறுநாள் யாரும் மூட்டையைத் தொடவில்லை. "பாய் வரட்டும்" என்று களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளியின் கோபம் வைக்கோல் தீ. பத்து மணிக்குள் தானே ஸ்கூட்டரில் போய் அழைத்து வந்தார்.

அடக்கத்தன்று மாணிக்கமும் வந்திருந்தார். வரிசையில் நின்று, அன்று பெல்ட்டடியில் விட்ட அதே வலது கையால் மண் அள்ளிப் போட்டார்.

பாயின் துணிச்சல் எனக்கு வராது. ஆனால் மில்லில் எவராவது மிஷினை நிறுத்தினால், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.