ஐந்தருவிக்குத் துண்டில்லாமல் போனவர்

குற்றாலம் போய்த் தலை நனையாமல் திரும்புகிறவனை நம்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கொள்கை. போன வாரம் குற்றாலத்திலிருந்து வரும் தென்காசி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல சாரல். பஸ் முழுக்க ஈரத்துணி வாடையும் எண்ணெய் வாடையும். அவர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு காய்ந்து போய் இருந்தார். நான் சத்தமில்லாமல் என் பையை மடிக்கு மாற்றிக்கொண்டேன். என்ன செய்வது, சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. ஞானமுத்து அண்ணாச்சி இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவரையும் ஒருகாலத்தில் இதே கண்ணால் பார்த்தவன்தான் நான்.

அண்ணாச்சிக்கு இலஞ்சியில் தேங்காய் வியாபாரம். உரித்த காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே கீர்த்தனை கட்டுவார். எங்கள் சபையில் பாதிப் பாட்டு அவருடையது. அப்போது எனக்குக் கரண்ட் ஆபீசில் புதுவேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அதாவது சர்ச்சில், ஆர்மோனியம் வாசிப்பேன். அண்ணாச்சியின் பாட்டை ஊரே உருகிப் பாடும், அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தான் சமைத்த குழம்பைத் தானே தொடாத சமையல்காரனை யார் நம்புவார்கள்?

போதாததற்கு, சாரல் தொடங்கினால் சனிக்கிழமை காலையில் குற்றாலத்து ஐந்தருவிக்கு பஸ் ஏறிவிடுவார். கையில் துண்டு கிடையாது, எண்ணெய் கிடையாது. காய்ந்த தலையோடு இறங்கி நேரே கடைக்குப் போவார். சபைச் செயலாளர் பொன்னையா இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "செங்கோட்டைப் பக்கமிருந்து மலையாளத்து மந்திரவாதி ஒருத்தன் வருதான்லா, அவனப் பாக்கத்தான் போறாரு. இல்லன்னா தேங்கா யாவாரிக்கு இம்புட்டுப் பாட்டு எங்கன இருந்து வருது?"

அந்த வருஷம் அசனப் பண்டிகைக்கு அண்ணாச்சி ஒரு புதுப்பாட்டு கொடுத்தார். அசனம் என்றால் தெரியும்தானே? ஆராதனை முடிந்ததும் ஊரே பந்தியில் உட்கார்ந்து கறிசோறு சாப்பிடுவது. மகிழ்ச்சியான நாள். பாட்டின் முதல் இரண்டு சரணமும் மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றி. மூன்றாவதில்தான் பிடித்தது சனி.

*தந்த பிள்ளையைத் திரும்பக் கேட்டீர், சுவாமி, தரமாட்டேன் என்றேனோ?*
*அந்த வீட்டிலே அவள் தலை பின்னிவிட ஆருண்டு, சொல்வீரோ?*

அண்ணாச்சியின் மனைவி முன்பே இறந்துவிட்டார். ஒரே மகளைக் குளிப்பாட்டி, தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். அவளும் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஊருக்கே தெரியும். இருந்தும் கமிட்டி கொதித்தது. "பரலோகத்துல தல பின்னுவாங்களா? இது துதியா, கேள்வியா?" என்றார் பொன்னையா. இந்த மனிதருக்கு விசுவாசம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அந்தச் சரணத்தைப் பாடுவது என்று முடிவானது. விசாரிக்க அனுப்பப்பட்டவன் நான். ஆளறிந்துதான் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை அவர் ஏறியதற்கு அடுத்த பஸ்ஸில் போனேன். நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். குளிக்கிற கூட்டத்தை விட்டு விலகி, ஓரப் பாறையில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். விரலை மேலே நீட்டி நீட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய் திறந்து மூடுகிறது, அருவிச் சத்தத்தில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. மந்திரவாதி எங்கே என்று தேடினேன். ஒரு குரங்குதான் இருந்தது.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, பொன்னையா அனுப்புனாராக்கும்?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா குளிக்க வந்தேன்."

"துண்டு எங்கலே?"

அவரே சுக்காப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். யாரோடு பேசினீர்கள் என்று கேட்டேன்.

"பேசலலே, ஏசுதேன். அவரத்தான்." மேலே காட்டினார். "எம்பிள்ளய எதுக்கு எடுத்தீருன்னு கேக்கேன். கோயில்ல வச்சு ஏசுனா நாலு பேருக்கு இடறலாயிரும். இங்கன தண்ணிச் சத்தத்துல அவருக்கு மட்டுந்தான் கேக்கும். ஏசி முடிச்சாத்தான் எனக்குப் பாட்டு வருது."

"அப்ப ஒங்களுக்கு விசுவாசம்..."

"கிறுக்குப் பயலே. ஆளு இல்லன்னு நெனச்சா பஸ்ஸு ஏறி வந்து ஏசுவனாலே?"

இதை அப்படியே கமிட்டியில் சொன்னேன். பொன்னையா எழுந்தே விட்டார். "பாத்தியளா, தேவதூஷணம்!" எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இரண்டு சரணத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

பண்டிகை அன்று கோயிலுக்குப் பின்னால் அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டு தொடங்கியது. இரண்டாம் சரணம் முடிந்ததும், சொன்னபடி ஆர்மோனியத்தை மூடினேன். ஜனங்கள் உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்தார். கோயிலில் அதுவரை வாய் திறக்காத ஞானமுத்து அண்ணாச்சி, தன் கட்டைக் குரலில் மூன்றாம் சரணத்தைப் பாடினார். சுருதி எங்கேயோ போனது. நான் பெட்டியைத் திறந்து அவருக்குச் சுருதி பிடித்தேன். பொன்னையா என்னை முறைத்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் சேர்ந்தது, அப்புறம் இன்னொன்று. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எந்த வரிசையில்தான் இல்லை? ஐயர் குனிந்த தலை நிமிரவில்லை. ஜெபமா கோபமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அண்ணாச்சி உயிரோடு இருந்தவரை யாரும் அந்தச் சரணத்தை விடவில்லை.

இப்போது ஐந்தருவியில் கம்பி வேலி, போலீஸ் விசில். அந்த ஓரப் பாறைக்கு யாரையும் விடுவதில்லை. தேங்காய்க் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கடந்த அசனத்துக்குப் போயிருந்தேன். கீபோர்டு, திரையில் எழுத்து, கைத்தட்டல். அண்ணாச்சியின் பாட்டு இரண்டு சரணத்தோடு முடிந்தது. பாடகர் குழுவை நடத்துகிற பெண்ணிடம் மூன்றாவதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"மூணாவதா? அப்படி ஒண்ணு கெடையாதே அங்கிள்."

மெதுவாகப் பாடிக் காட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

"கர்த்தர்ட்ட யாராச்சும் இப்படிக் கேப்பாங்களா? நீங்களா சேத்ததுதான அங்கிள்?"

இல்லையம்மா என்றேன். அவள் நம்பவில்லை. அண்ணாச்சிக்கு உறவென்று யாரும் மிச்சமில்லை, சாட்சிக்குக் கூப்பிட. அவர் மகளுக்குத் தலை பின்னிவிட ஆள் உண்டா என்று கேட்க, இப்போது ஊரில் ஒருவரும் இல்லை.