ஒன்பது வாரத்து ரொட்டி

கெங்கம்மாளுக்கு இங்கிலீஷ் மேல் ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழ் தேறிவிட்டது, கணக்கு தேறிவிட்டது, சரித்திரம்கூட எப்படியோ தேறிவிட்டது. இங்கிலீஷ் மட்டும் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டு. கடைசித் தடவை முப்பத்தொரு மார்க். நாலே நாலு மார்க்கில் போச்சு. அந்த நாலு மார்க்கை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

காவலூரிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் அவள் ஊர். எழுபத்தொன்பதில் அவளுக்கு இருபத்துநாலு வயது. மலையில் அந்த வயசுக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று இருக்கும். இவள் பால்வாடியில் கூலிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஊர்வாய் சும்மா இருக்குமா? "இன்னா கெங்கம்மா, கலெக்டர் வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான்.

கலெக்டர் வேலை இல்லை, நர்ஸ் வேலை. மலையில் பிரசவம் சிக்கலாகிவிட்டால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ரோட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிப் பேருக்கு ஆயுசு முடிந்துவிடும். அந்த வருஷம் நர்ஸ் ட்ரெயினிங்கில் மலைப் பெண்களுக்கென்று இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகியிருக்க வேண்டும், ஆகஸ்டுக்குள் மார்க் லிஸ்ட் காட்ட வேண்டும். பழைய பாடத்துக்கு அந்த ஏப்ரல் பரீட்சைதான் கடைசி. விட்டால் புதுப் பாடம், அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அவளோடு சேர்ந்து இங்கிலீஷில் கோட்டு அடித்தவர்கள் இன்னும் இரண்டு பேர், அக்கா தங்கச்சி. அக்கா மங்கம்மாள், புருஷன் சரியில்லாமல் அம்மா வீட்டோடு வந்துவிட்டவள். தங்கச்சி பாஞ்சாலை, கல்யாணமானவள், அப்போது ஏழு மாசம் முழுகாமல் இருந்தாள். பாஞ்சாலைக்கு நர்ஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். "அக்கா எழுதுது, கெங்கா எழுதுறா, நான் மட்டும் வூட்ல குந்திக்கினு இன்னா பண்ண?" என்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பேரும் பஸ் பிடித்து ஆலங்காயம் வருவார்கள். எண்ணெய்க் கடை மாடியில் சிங்காரம் சாரின் டுடோரியல். சார் பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காத மனுஷன், இவர்களைவிட இரண்டு வயசு பெரியவர், ஆனால் இங்கிலீஷ் என்றால் உசிரு. அதிலும் ஏழாவது பாடம் வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. எதிரிப் படை வளைத்துக்கொண்ட ஒரு கடற்கரைப் பட்டணத்தின் தளபதி, மதில்மேல் ஏறி நின்று சனங்களுக்குச் சொன்ன பேச்சு அது. "மதில் இடிந்திருக்கிறது, நாம் இடியவில்லை!" என்று சார் மேஜையில் குத்துவார். முன்வரிசைக்கு எச்சில் தெறிக்கும். கீழேயிருந்து கடைக்காரர், "இன்னா சார் மேல, கைகலப்பா?" என்று குரல் கொடுப்பார்.

வார்த்தைகள் நாளுக்குப் பத்து. முற்றுகைக்கு ஒரு வார்த்தை, சரணடைவதற்கு ஒன்று, காவற்படைக்கு ஒன்று. இலக்கணம் அதற்கு மேல். 'எதிரி மதிலை இடித்தான்' என்பதை 'மதில் எதிரியால் இடிக்கப்பட்டது' என்று மாற்றிக் காட்டினார் சார். மங்கம்மாள் எழுந்து, "எப்படிச் சொன்னாலும் மதிலு போச்சு இல்லீங்களா சார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

அந்தப் பேச்சிலிருந்து பத்து வாக்கியம். பார்க்காமல் அப்படியே எழுதினால் பத்து மார்க். "வருஷா வருஷம் கேக்குறாங்க. இந்தப் பத்தை மட்டும் விட்டுடாதீங்கம்மா. இது வந்துட்டா பாஸ்" என்றார் சார். சொல்லிவிட்டார். உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே இருக்கிறது? விடிந்தால் பால்வாடி, காடு, தண்ணீர், மாடு. மூன்று பேரும் ஒன்றாகச் சேர்வது சாமை குத்தும்போது மட்டும்தான். சரி, அப்போதே படித்தால் போச்சு என்று கெங்கம்மாள் சொன்னாள்.

ஒரு உரல், மூன்று உலக்கை. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். கை தப்பினால் விரல் போய்விடும், அதனால் தாளம் தப்பாது. பத்து வாக்கியத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கெங்கம்மாளுக்கு ஐந்து, மங்கம்மாளுக்கு நாலு. பாஞ்சாலை, "எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்கடி, அதுவும் சின்னதா" என்றாள். ஆறாவது வாக்கியம்தான் இருப்பதிலேயே சின்னது. 'நம்மிடம் ஒன்பது வாரத்துக்கு ரொட்டி இருக்கிறது.' அதைக் கொடுத்தார்கள்.

அவரவர் உலக்கை இறங்கும்போது அவரவர் வாக்கியம். "ஹூம்" என்று மூச்சை விட்டால் கூடவே இங்கிலீஷும் வரும். மற்ற இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே குத்துவார்கள். பத்து நாளில் மூன்று பேருக்கும் பத்தும் மனப்பாடம். பாஞ்சாலை ஐந்தாவது எப்போது முடியும் என்று காத்திருந்து, தன் முறை வந்ததும், "வீ ஹேவ் ப்ரெட் ஃபார் நைன் வீக்ஸ்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். ஒரு நாள் உலக்கையை ஊன்றிக்கொண்டு, "ஏண்டி, ஒம்போது வாரம் கழிச்சு இன்னா துன்னுவாங்க?" என்று கேட்டாள். "உன்னைத்தான்" என்றாள் மங்கம்மாள். சிரித்துச் சிரித்து அன்றைக்குச் சாமையெல்லாம் தரையில் போனது.

பங்குனியில் பாஞ்சாலைக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை, நல்லபடியாக வந்தது. நஞ்சுக்கொடிதான் வரவில்லை. ரத்தம் நிற்கவில்லை. டோலி கட்டினார்கள், நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கெங்கம்மாள் கூடவே ஓடினாள். ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உயிர் போய்விட்டது. ஒரு நர்ஸ், ஒரு ஊசி, பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அதைப் பார்த்தவள் கெங்கம்மாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

காரியம் முடிந்து பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இரண்டு பேரும் மறுபடி உரலுக்கு வந்தார்கள். குழந்தை பக்கத்தில் தூளியில். ஐந்தாவது வாக்கியம் முடிந்தது. இரண்டு உலக்கையும் மேலேயே நின்றுவிட்டன. அந்த வாக்கியம் இரண்டு பேருக்கும் தெரியும், எடுத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. ஒரு குத்து சும்மா போனது. அப்புறம் மங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏழாவதைத் தொடங்கினாள். அன்றிலிருந்து அப்படியேதான் குத்தினார்கள். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. இரண்டு பேரும் ஐந்து எழுதி, ஒரு மூச்சு நிறுத்தி, ஏழு எழுதினார்கள்.

ஜூனில் எல்லாருக்கும் ரிசல்ட் வந்தது, இவர்களுக்கு வரவில்லை. ஜூலையில் பதிவுத் தபால் வந்தது. இரண்டு விடைத்தாளிலும் ஒரே மாதிரி ஏழு எழுத்துப் பிழை, ஒரே இடத்தில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது, முன்னும் பின்னும் உட்கார்ந்து எழுதியவர்கள். காப்பி அடித்ததாகச் சந்தேகம், வேலூருக்கு விசாரணைக்கு வர வேண்டும். கெங்கம்மாளுக்குக் காலுக்குக் கீழே மலையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பிழை ஒரே மாதிரி இல்லாமல் எப்படி இருக்கும்? சார் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்துத்தானே மற்றவர்களும் எழுதிப் பழகினார்கள்!

முதல் பஸ் பிடித்துப் போனார்கள். நாலு மாசக் குழந்தை மங்கம்மாள் இடுப்பில். பத்து மணிக்குக் கெங்கம்மாளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"யாரைப் பார்த்து யார் எழுதினீங்க? உண்மையைச் சொல்லிட்டா நல்லது."

"யாரும் பாக்கலீங்க சார். மனப்பாடம் பண்ணி எழுதினோம்."

"அப்போ இப்ப சொல்லு."

வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. சுத்தமாகத் துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. தலைக்கு மேலே ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. அதிகாரி பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், எழுதிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும். கெங்கம்மாள் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"சார், நின்னுக்கினு சொல்லலாங்களா? குத்திக்கினே படிச்சதுங்க. கை சும்மா இருந்தா வர மாட்டேங்குது."

"என்னத்தைக் குத்தி?"

"சாமைங்க சார்."

அவர் பதில் சொல்வதற்குள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இல்லாத உலக்கையைத் தூக்கி அந்த ஆபீஸ் தரையில் ஓங்கி இறக்கினாள். ஹூம். முதல் வாக்கியம் வந்துவிட்டது. ஹூம். இரண்டாவது. அடுத்த மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஐந்தாவது முடிந்ததும் கைகள் மேலேயே நின்றன. ஒரு குத்து சும்மா போயிற்று. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. வேர்த்து வழிய நின்றாள்.

அதிகாரி புத்தகத்தில் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்திருந்தார். "ஆறாவது எங்கேம்மா?"

"அது பாஞ்சாலைதுங்க சார். அவ செத்துட்டா." உரலைப் பற்றி, உலக்கைகளைப் பற்றி, டோலியைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னாள். "வெளியில என்கூட வந்திருக்கறவ அவளோட அக்காங்க. எங்களால அத எடுத்துக்க முடியலீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர். "இதோ பாரும்மா, நீ சொல்றதை நான் நம்பறேன். ஆனா ஃபைல் நம்பணும். தெரிஞ்சு விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா? தெரியாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல விட்டிருந்தா அது காப்பிதான். தெரியும்னா சொல்லு. ஒரு வாக்கியம்தானே."

ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் நர்ஸ், சொல்லாவிட்டால் கஞ்சிக் கரண்டி. சொல்லிவிட்டால் பாஞ்சாலைக்கென்று இருந்த அந்த ஒரே இடமும் போய்விடும். கெங்கம்மாளுக்கு ரோட்டோரத்தில் டோலியை இறக்கி வைத்தது ஞாபகம் வந்தது. கையை மறுபடி தூக்கினாள்.

"வீ ஹேவ் ப்ரெட் ஃபார் நைன் வீக்ஸ்!"

தன்னையறியாமல் கத்திவிட்டாள். வெளியே வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். அதிகாரி எதையோ எழுதி, "போ, அடுத்தவங்களை அனுப்பு" என்றார்.

அவள் வெளியே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மங்கம்மாள் உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் ஹூம், ஹூம் என்று ஐந்து. ஒரு குத்து அமைதி. அப்புறம் ஏழிலிருந்து பத்து. அதிகாரியின் குரல். பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. 'சொல்லித் தொலையேன்டி' என்று கெங்கம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள், அது வலித்து அழுதது.

மங்கம்மாள் வெளியே வந்தாள்.

"சொன்னியா?"

"இல்ல."

"ஏண்டி? தெரியும் இல்ல உனக்கு?"

"தெரியும். தொண்ட வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல." குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்டு பத்தாம் தேதி தபால் வந்தது. கெங்கம்மாள் முப்பத்தெட்டு மார்க், பாஸ். மங்கம்மாளின் தேர்வு ரத்து. கெங்கம்மாள் அந்த மார்க் லிஸ்டை யாரிடமும் காட்டவில்லை. இரண்டு நாள் பால்வாடிக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் மங்கம்மாள் வீட்டுக்குப் போய், களத்தில் நின்றபடியே சொன்னாள்.

"நான் ட்ரெயினிங் போவல."

மங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடி சொல்ற?"

"மூணு பேரும் சேர்ந்து படிச்சது. நான் ஒருத்தி மட்டும் துன்னா அது செரிக்காது எனக்கு. நீ வாய மூடிக்கினு வந்துட்ட. நான்தான் கல்நெஞ்சுக்காரி, வேலைக்காவ அவ பேச்ச எடுத்து வித்துட்டேன்."

"கல்நெஞ்சுக்காரியாம்! செருப்பால அடிப்பேன்." மங்கம்மாளுக்கு நிஜமாகவே கோபம். "ரெண்டு பேரும் போய்ட்டா இந்தப் புள்ளைய யாரு பாக்கறது, நீ சொல்லு. நாளைக்கி இவ வளந்து இவளுக்கும் வலி எடுக்கும், அப்பவும் டோலி கட்டிக்கினு ஓடுறதா? எனக்குச் சொல்ல வரல, அது என் பாடு. நீ சொன்னியே, நான் வெளியில குந்திக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ கத்துற மாதிரியே கத்துன, கெங்கா. ஒரு நிமிசம் எங்க பாஞ்சாலதான் உள்ள கீறான்னு எழுந்து நின்னுட்டேன். நாலு மாசமா அந்தக் குரல நான் கேக்கல. நீ சொன்னதாலதான் கேட்டேன்."

கெங்கம்மாள் அந்த இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பாஞ்சாலை செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை, ஓடிக்கொண்டிருந்தாள். மங்கம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். குழந்தை இரண்டு பேரையும் பார்த்து மிரண்டு தானும் தொடங்கியது. அதைத் தூக்கிச் சமாதானப்படுத்திவிட்டு மங்கம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"போதும் எழுந்திரு. நாளைக்குக் காலைல பஸ்ஸு அஞ்சரைக்கே வந்துடும். போய் துணிமணி எடுத்து வெய்."