யாருக்கு என்று எழுதாத கட்டளை

டில்லியில் எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அறையைக் கவனித்துக்கொண்டவர், அங்கிருந்த ஏசி குளிருக்காக மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். எந்தக் கட்டளையை அடித்தாலும் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பையில் நுழைத்துக்கொண்டு அதை ஒரு முறை வாசிப்பார். பிறகுதான் என்டர் தட்டுவார்.

அரசு குவார்ட்டர்ஸ் வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் டேட்டாபேஸில் இருந்தது. நான் எழுதிய சிறிய புரோகிராம் அன்றுதான் முதன்முறையாக அதனோடு இணைந்தது. ஒருவருடைய வரிசை எண்ணை மட்டும் ஒன்று என மாற்ற வேண்டும். குழந்தையைக் காய்ச்சலோடு பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கட்டளையை அவசரமாக அடித்துவிட்டு என்டர் மேல் விரலை வைத்தேன்.

"இரும்மா. யாருக்குன்னு நீ எழுதவே இல்லையே. எல்லாருக்கும் முதல் இடம் குடுத்தா மோதி பாக் குவார்ட்டர்ஸ் மொத்தமும் பத்தாது," என்றார் பின்னால் நின்றிருந்த அவர்.

விரலை எடுத்துக்கொண்டேன். "ஸாரி சார். குழந்தைக்கு ஜுரம்."

"அச்சா, நீ கிளம்பு. லிஸ்ட் நாளைக்கும் இருக்கும்."

மறுநாள் வேலைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே, 'மின்தடையால் வேலை நின்றது' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. முந்தின நாள் மின்சாரம் போகவே இல்லை. அந்தப் பொய்க்கு நன்றி சொல்லியிருக்க வேண்டுமா, சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்குமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.