மேசையில் மிஞ்சிய கிளிப்

எங்கள் விமானத்தை ஓட்டுவது என் கணவர். பழுதுபார்ப்பது நான். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்தில் இருக்கிற தமிழ் ஆட்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவரைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினால்தான் நம்புவார்கள்.

அது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம். காரைவிடப் பாரம் குறைவு. ஓய்வுபெற்ற ஒருவர் தன் வீட்டுக் கராஜில் ஆறு வருடமாகச் சொந்தக் கையால் கட்டியது. கண்பார்வை மங்கி, இனிப் பறக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னபிறகு அவர் விற்றார், நாங்கள் வாங்கினோம். இப்படி வீட்டில் கட்டிய விமானம் என்றால் கனடாவில் சொந்தக்காரரே பாகங்களை மாற்றலாம். மாற்றியதை லொக் புத்தகத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் வைக்கலாம். உரிமைப் பத்திரத்தில் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது.

அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை. இருபது வருடமாக மற்றவர்களின் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், நாற்பத்தெட்டு வயதில் பறக்கப் படித்தார். நான் ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, எண்ணித் தட்டில் அடுக்கி, தட்டுக்கு முத்திரை ஒட்டி அனுப்புகிற பிரிவு.

முதல் வருடம் நான், விமானம் நிறுத்துகிற ஹாங்கருக்குப் போனது தேநீர் பிளாஸ்க்கோடு மட்டும்தான். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடினால், சோள வயல்களுக்கு நடுவில் ஓர் ஓடுபாதையும் ஒரு வரிசைத் தகரக் கொட்டகைகளும் வரும். அதில் ஒன்று எங்களுடையது. ஒருநாள் அவர் காபரேட்டருக்குப் பின்னால் இருந்த ஒரு குழாயோடு அரை மணித்தியாலமாகப் போராடிக்கொண்டிருந்தார். பெட்டி தூக்கித் தூக்கித் தடித்த கை, உள்ளே போகவில்லை. விரல் முட்டுகளில் இரத்தம். எனக்குப் பொறுக்கவில்லை.

“தள்ளுங்க, நான் பாக்கிறன்,” என்று கையை விட்டேன். ஒரு நிமிடத்தில் குழாய் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து எஞ்சின் என் பக்கம் வந்தது. எஞ்சினோடு வந்த கைநூலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். விளங்காத இடத்தில் படத்தைப் பார்த்தேன். படமும் விளங்காவிட்டால் பக்கத்து ஹாங்கருக்குப் போனேன். அங்கே ஒரு போர்த்துக்கீசர் இருந்தார், ஓய்வுபெற்ற பிளம்பர். அவரும் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். பதினொரு வருடமாகக் கட்டுகிறார். அதனால் எல்லாக் கேள்விக்கும் அவரிடம் நேரம் இருந்தது.

நான் இயல்பிலேயே அந்தரப்படுகிற ஆள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை நிறுத்திவிட்டு லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். மகள் இதைச் சொல்லிக் கேலி செய்வாள். ஆனால் எஞ்சின் வேலைக்கு அந்தக் குணம் உதவியது. ஒரு வேலையை மூன்று தரம் பார்க்காமல் என் கை விடாது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஞ்சினில் இருக்கிற ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கைநூல் சொல்கிறது. பெற்றோல் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள், காபரேட்டரைத் தாங்குகிற ரப்பர் வளையங்கள். பார்க்கப் புதிதுபோலவே இருந்தாலும் மாற்ற வேண்டும். போன வசந்தத்தில் எங்களுக்கு அந்த முறை வந்தது. மார்ச் மாதக் கடைசி. வெளியே மூலைகளில் இன்னும் அழுக்குப் பனி. ஹாங்கருக்குள் ஹீட்டர் இல்லை. நாலு வார இறுதிகள் எடுத்தன. கையுறை போட்டால் கிளிப் பிடிபடாது, கழற்றினால் விரல் விறைக்கும்.

பெற்றோல் குழாய் ஒவ்வொன்றும் நுனியில் ஒரு சின்ன உருக்கு கிளிப்பால் இறுக்கப்பட்டிருக்கும். எங்கள் எஞ்சினில் அப்படி இருபத்திரண்டு இடம். கிளிப்புகள் பன்னிரண்டாகப் பையில் வரும், இரண்டு பை வாங்கினேன். வேலை முடிந்தபோது இரண்டு கிளிப் மிச்சம். அவற்றைத் தனிப் பையில் போட்டு, மேலே ‘மிச்சம் 2’ என்று எழுதி இழுப்பறையில் வைத்தேன். மருத்துவமனைப் பழக்கம். உள்ளே போனது எத்தனை, வெளியே இருப்பது எத்தனை என்று தெரியாமல் எங்கள் பிரிவில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் மூடியைக் கழற்றியபடியே விமானத்தை வெளியே தள்ளி, எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். பத்து நிமிடம். எங்கும் கசிவில்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்பியை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்பது விதி; போர்த்துக்கீசர் வந்து அதை ஆட்டிப் பார்த்துத் தன் பங்குக்குக் கையெழுத்து வைத்தார். பிறகு நான் வைத்தேன். பழைய குழாய்களைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பொதுக் கட்டடத்துக்குக் கை கழுவப் போனேன். சுடுதண்ணீருக்கு அடியில் கையை நெடுநேரம் வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது எஞ்சின் மூடி பூட்டியிருந்தது. அவர் போனில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். மகள் கார்த் திறப்பை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். அவர் தனியே கிளம்பினார். ஏரிப் பக்கம் போய் ஒரு மணித்தியாலத்தில் திரும்புவதாகத் திட்டம். சத்தம் வடக்கே தேய்ந்து போனதும் நான் வேலை மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். எண்ணெய்த் துணி ஒன்று சுருண்டு கிடந்தது. அதை உதறினேன். ஒரு கிளிப் விழுந்தது.

புதுக் கிளிப். கீறல்கூட இல்லை.

இழுப்பறையைத் திறந்து பையைப் பார்த்தேன். ‘மிச்சம் 2’. உள்ளே இரண்டு இருந்தன. மறுபடி எண்ணினேன். இரண்டை எத்தனை தரம் எண்ணுவது?

அப்படியென்றால் எஞ்சினில் இருபத்தொன்றுதான். எங்கேயோ ஓரிடத்தில் குழாய் வெறுமனே சொருகி நிற்கிறது. எந்த இடம்? கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாக மனதுக்குள் தொட்டுக்கொண்டு போனேன். வலது காபரேட்டர், போட்டேன். இடது, போட்டேன். பம்ப், போட்டேன். எல்லாவற்றையும் போட்டதாகவே என் விரல் சொன்னது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. போடாத ஒன்றையும் போட்டதாகச் சொல்கிற விரலை எப்படி நம்புவது?

பக்கத்து ஹாங்கருக்கு ஓடினேன். போர்த்துக்கீசரிடம் கையில் வைத்துப் பேசுகிற றேடியோ இருந்தது. கிளிப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. றேடியோவை எடுத்து எங்கள் விமானத்தின் பதிவு எழுத்துகளைச் சொல்லிக் கூப்பிட்டார். பதிலில்லை. மறுபடி. மூன்றாம் தரமும் இல்லை. தூரமாகப் போயிருப்பார், இந்தச் சின்ன றேடியோ அவ்வளவு தூரம் எட்டாது என்று அவர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் நடந்தேன். ஹாங்கர் வாசலிலிருந்து ஓடுபாதை விளிம்பு வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனேன். புல் சேறாக இருந்தது, சப்பாத்து நனைந்தது. கையில் கிளிப்பை இறுக்கியதில் தோல் வெட்டியிருந்தது, பிறகுதான் கவனித்தேன். தொலைவில் ஹைவேயில் லொறி போனால்கூட எஞ்சின் சத்தமென்று நின்றேன். அவர் கிளம்பி அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.

பிறகு உண்மையாகவே சத்தம் கேட்டது. திட்டமிட்டதைவிட வெகு முன்னதாக, வழமையைவிட மிக உயரத்தில் வந்தார். நேராக இறங்கவில்லை. ஓடுபாதைக்கு மேலே வந்து, உயரத்தை விடாமல் வட்டமடித்தார். எஞ்சின் நின்றாலும் சறுக்கிக்கொண்டு வந்து இறங்கக்கூடிய உயரம் அது. போர்த்துக்கீசர் மேலே பார்த்தபடி, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றார்.

எஞ்சினை மெல்ல அடக்கிக்கொண்டு வட்டம் வட்டமாக இறங்கினார். சில்லு நிலத்தில் பட்டது. ஓடுபாதை நடுவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே குதித்தார். நான் ஓடினேன்.

“கிட்ட வராதையும், பெற்றோல் மணக்குது,” என்று கத்தினார்.

“ஒரு கிளிப் மேசையில கிடந்திச்சி,” என்றேன்.

“தெரியும்.”

“எப்பிடித் தெரியும்?”

அவர் மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். இடது காபரேட்டருக்குப் போகிற குழாயின் நுனியில் கிளிப் இல்லை. ரப்பரின் இறுக்கத்தில் மட்டும் நின்றது. அதைச் சுற்றி ஈரம், அதற்குக் கீழே கைவிரல் நீளத்துக்கு ஒரு கறை. கொதிக்கிற எக்ஸோஸ்ட் பைப்புக்கு ஒரு சாண்தான் தூரம்.

“நான்தான் கழட்டினனான்,” என்றார். “போன ஞாயிறு நீர் கை கழுவப் போனாப்பிறகு பார்த்தன், அந்தக் குழாய் மூடியிலை முட்டிக்கொண்டு நிண்டது. உரஞ்சிப்போடும் எண்டு கிளிப்பைக் கழட்டிக் கொஞ்சம் திருப்பிவிட்டன். அப்பதான் பிள்ளை போன் எடுத்தவள்.”

“மறுகா?”

‘மறுகா’ என்றால் ‘பிறகு’. யாழ்ப்பாணத்துக்காரரான அவர் என்னை இந்தச் சொல்லுக்காக முப்பது வருடமாகக் கேலி செய்கிறார். எனக்குக் கோபம் வந்தால் மட்டக்களப்புத் தமிழ் முழுதாக வாய்க்கு வந்துவிடும். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

“கதைச்சுக்கொண்டே மறந்துபோய் மூடியைப் பூட்டிட்டன். ஏரிக்கு மேலை போகேக்கைதான் டக்கெண்டு நினைவு வந்தது.”

“றேடியோவில கூப்பிட்டமே. கேக்கல்லையா?”

“கேட்டது.”

“கேட்டுட்டுச் சும்மா இருந்தயளா?”

“என்னெண்டு சொல்லுறது? எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிற றேடியோவிலை, மனுசி கையெழுத்து வைச்ச எஞ்சினிலை அவவுக்குத் தெரியாமல் கை வைச்சிட்டன் எண்டு சொல்லுறதே?”

போர்த்துக்கீசருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் திரும்பி நின்று, காற்றின் திசை காட்டுகிற காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் “நான்தான்” என்று சொன்ன கணத்தில் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அவர் உயிரோடு நிற்கிறார் என்பதால் வந்த ஆறுதல் என்று பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது இரண்டாவதாக வந்தது. பிழை என்னுடையதில்லை என்பதுதான் முதலில் வந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். வீட்டில் மகள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துருவித் துருவிக் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“வெயிட், நான் கோல் பண்ணினதாலையா?” என்றாள். “அப்பா, சீரியஸ்லி, அதை வித்திடுங்கோ.”

“இல்லைப் பிள்ளை, உம்மாலை இல்லை. என்ரை பிழை,” என்றார். சாப்பிடாமல் பல்கனிக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் அவரே லொக் புத்தகத்தை எடுத்தார். தான் என்ன செய்தார், எதை மறந்தார் என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். என் கையெழுத்துக்குப் பிறகு திறந்தது தான் என்றும் எழுதித் தன் கையெழுத்தை வைத்தார். நாளைக்கு இந்த விமானத்தை வாங்குகிறவர் அதை வாசிப்பார். எழுதாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நாலு வரியைப் பார்த்தபிறகு என் கோபத்தில் பாதி போனது.

மறு பாதி போக நாளெடுத்தது. ஐந்து வாரம் நான் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை, அதனால் விமானம் கிளம்பவில்லை. நல்ல வெயில் நாட்களில் அவர் பல்கனியில் நின்று மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பார், உள்ளே வந்து இருப்பார், மறுபடி எழும்புவார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வேலையில் தட்டு அடுக்கும்போது கை தன் பாட்டுக்குக் கிளிப்பை இறுக்குகிற இடுக்கியைத் தேடியது. விமானம் மேலே போனாலும் அந்தரம், போகாவிட்டாலும் அந்தரம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மே மாதக் கடைசியில் நானே சொன்னேன், “வாங்க, போவம்.” இருபத்திரண்டு இடத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். அவர் டோர்ச் பிடித்தார். ஒவ்வொரு கிளிப்பிலிருந்தும் குழாய் வரைக்கும் செம்மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு இழுத்தேன், யாராவது அசைத்தால் கோடு முறியும். மூடியைப் பூட்டியபின் அதன் விளிம்பில் ஒரு தாள் ஒட்டி அதில் என் பெயரின் முதலெழுத்தை எழுதினேன். மருத்துவமனையில் முத்திரை கிழிந்த தட்டு சத்திரசிகிச்சை அறைக்குள் போகாது.

“என்னை நம்பேல்லையோ?” என்று கேட்டார்.

“என்னையும்தான் நம்பல்ல,” என்றேன்.

ஜூலையில் இடது சில்லின் பிரேக்கில் எண்ணெய் கசிந்தது. நான் கொங்கிரீட் தரையில் மல்லாந்து படுத்துப் புதுக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் குந்தி இருந்தார். ஒரு திருகாணி கொஞ்சம் சரிந்து நிற்பது அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கை நீண்டது, பாதியில் நின்றது.

“நான் தொடலாமோ?” என்று கேட்டார்.

“பொறுங்க,” என்றேன். பார்த்தேன். சரிந்துதான் நின்றது. “ம், இப்ப நேராக்குங்க.”

அன்று பின்னேரம் அவர் அரை மணித்தியாலம் பறந்துவிட்டு வந்தார். இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறார். அவர் கிளம்பியதும் போர்த்துக்கீசர் தன் மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விரித்து வைத்துவிட்டுப் போவார். நான் இன்னும் அதில் இருந்ததில்லை.