புதுக் கெமராவில் வாப்பாவைத் தேடி வந்தவர்

அடுத்து வரப்போகும் கெமராக்களின் சென்சர் அரை இருட்டிலும் முகத்தைத் தெளிவாக எடுக்குமாம், கல்யாண வீடியோ எடுக்கும் எனக்கு இனிக் காத்திருக்கப் பொறுமையில்லை என்று நேற்று இங்கே முகநூலில் எழுதியிருந்தேன்.

அதைப் பார்த்துவிட்டு, இன்று காலை சம்மாந்துறையிலிருந்து ஒரு சகோதரி கல்முனையில் உள்ள என் கடைக்கு வந்தார். நாலு வருடத்துக்கு முன் அவருடைய கல்யாணத்தை நான்தான் எடுத்தேன்.

அந்த வீடியோவைக் கணினியில் போடச் சொல்லி, ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். பந்தலுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் ஒரு உருவம் நின்றது.

"அது வாப்பா. படமெண்டாலே ஒளிச்சிருவார். போன மாசம் மவுத்தாகிட்டார். புதுக் கெமரா இருட்டில முகத்தக் காட்டுமெண்டு எழுதியிருந்தீங்களே நானா?"

"அது இனிமே எடுக்கிற படத்துக்குத்தான் தங்கச்சி."

இருந்தாலும், இறந்துபோன தகப்பனின் முகமாயிற்றே என்று கணினியில் முயன்று பார்த்தேன். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட உருவம் புள்ளி புள்ளியாய் உடைந்தது. தொப்பி மட்டும் தெரிந்தது.

திரையில் அந்தத் தொப்பியைத் தொட்டபடி கேட்டார்:

"அண்டைக்கு லைட்டக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருந்தா முகம் விழுந்திருக்கும், என்ன நானா?"

"ஓம்" என்றேன்.

கெமராவின் விலை கேட்டு இன்பொக்ஸுக்கு வருகிறவர்களே, பிறகு சொல்கிறேன். அந்த 'ஓம்' தவிர அவருக்கு நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.