முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கினேன்

திருவண்ணாமலைப் பக்கத்து ஏரிகளில் தாராளமாக இறங்கிப் பழகியவள் நான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜனவரியில், கணவரோடு பழவேற்காடு ஏரிக்குப் போனேன். படகிலிருந்து பார்த்தால் தூரத்தில் பூநாரைக் கூட்டம். முழங்கால் தண்ணீர்தானே என்று, கிட்டே பார்க்கும் ஆசையில் யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டேன். நாலே எட்டில் இடுப்புவரை சேற்றில் புதைந்து அலறினேன்.

"ஒதறாதீங்கம்மா! கழியப் புடிச்சிக்கினு அப்படியே சாஞ்சிக்கங்க!" என்றார் படகோட்டி. அவரும் என் கணவரும் சேர்ந்து இழுத்ததில் செருப்பு உள்ளே போனது, நான் வெளியே வந்தேன்.

என் அலறலில் எழும்பிய பறவைகள் தலைக்கு மேலே ரோஜா நிறமாய்ப் பறந்தன. சேறும் கண்ணீருமாக அண்ணாந்து பார்த்துச் சிரித்தேன்.

"இன்னொரு வாட்டி எறங்கறியா?" என்றார் கணவர்.

இப்போதெல்லாம் எந்த ஊர்த் தண்ணீரானாலும், அந்த ஊர்க்காரரிடம் கேட்காமல் கால் வைப்பதில்லை. பறவைகளைப் பார்க்க மட்டும் வருடம் தவறாமல் போகிறோம்.